பழைய மினிக்கு இரு வேறு வார்ப்பு அலோய் சில்லுகளைக் கலந்து பூட்டலாமா?

நல்லூர் மினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 1973ஆம் ஆண்டு மினி 1000 காரை நான் இரண்டு வருடங்களாகத் திருத்திக்கொண்டிருப்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில் அவர் கொழும்பில் வாங்கிப் பூட்டிய எட்டு ஆரக்கால் அலோய் சில்லுகள் நான்கும் இதுவரை அந்தக் காரிலேயே இருந்தன. விட்டம் 10 அங்குலம், அகலம் 5 அங்குலம். மினிக்குப் பேர்போன மினிலைட் என்ற அலோய் சில்லின் சாயலில் வேறு யாரோ வார்த்தவை என்பது பார்த்தவுடன் தெரியும். பின்புறத்தில் ஒரு வார்ப்பு எண் இருக்கிறதே தவிர, செய்தவர் பெயர் இல்லை.

சென்ற மாதம், மழைத்தண்ணீர் மூடியிருந்த ஒரு குழியில் முன் இடது சில்லு இறங்கிவிட்டது. ரயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் காற்று பாதியாகக் குறைந்திருந்தது. கழற்றிக் கழுவிப் பார்த்தபோது, ஓர் ஆரக்கால் ரிம்மோடு சேரும் இடத்தில் தலைமயிர் தடிப்பில் ஒரு வெடிப்பு பெருவிரல் அகலத்துக்கு ஓடியிருந்தது. ஆர்கன் வெல்டிங் செய்து கடைந்து தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கிடையில் அதே காலத்தைச் சேர்ந்த, அதே அளவான எட்டு ஆரக்கால் சில்லுகள் இரண்டு, கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. வார்ப்புதான் வேறு. என்னுடையவற்றின் ஆரக்கால்களுக்குக் கூரான ஓரம் உண்டு. புதிதாக வந்தவற்றில் ஓரம் உருண்டிருப்பதுடன், நடுப்பகுதி சற்று ஆழமாக உள்ளே போகிறது. இப்போது கையில் பழையவை மூன்று, வந்தவை இரண்டு. இவற்றைக் கலந்து பூட்டினால் காரின் ஓட்டத்துக்குப் பாதகம் உண்டா, பூட்டலாம் என்றால் எதை எங்கே பூட்டுவது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பஞ்சிகாவத்தை வாசி எழுதியது:

தம்பி, வெல்டிங் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். ரிம்மின் விளிம்பில் சிறு துண்டு உடைந்திருந்தால் நிரப்பிக் கடைவதில் அர்த்தம் இருக்கிறது. ஆரக்கால் அடியில் வெடித்தது மீண்டும் அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும்.

கலந்து பூட்டுவதைப் பொறுத்தவரை, இடது பக்கம் இரண்டிலும் உங்கள் பழைய சில்லுகளையும், வலது பக்கம் இரண்டிலும் புதியவற்றையும் பூட்டிவிடுங்கள். காரின் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. என் நண்பர் ஒருவர் இப்படித்தான் மூன்று வருடம் ஓடினார். நாங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவரே சொல்லித்தான் தெரிந்தது.

வாங்குவதற்கு முன் பிசிடியை, அதாவது நட் துளைகளின் நடுக்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தை, அளந்தீர்களா? மினிக்கு 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. இங்கே 100 மி.மீ. சில்லுகளையும் மினிக்குரியவை என்று சொல்லி விற்கிறார்கள். தட்டி முறுக்கினால் அவையும் ஏறிவிடும் என்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு ஸ்டட்டும் 0.8 மி.மீ. உள்நோக்கி வளைந்த நிலையில், நட் சரியாக உட்காராமலேயே இறுகிவிட்டதுபோலக் காட்டும்.

கொவென்றி கிழவன் எழுதியது:

பிசிடி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பக்கம் பிரித்துப் பூட்டும் யோசனையை ஒப்புக்கொள்ள முடியாது. கண்ணுக்கு அதுவே சிறந்த வழி, அச்சுக்கோ அதுவே மோசமான வழி. நடுப்பகுதி ஆழமாக இருக்கிறது என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார். ஆழம் கூடினால் ஆஃப்செட், அதாவது சில்லு காரில் பதியும் முகம் சில்லின் நடுக்கோட்டிலிருந்து வெளியே தள்ளியிருக்கும் தூரம், குறைந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சில்லு காரின் உடம்பிலிருந்து அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். முன்னச்சில் ஒரு பக்கம் மட்டும் அப்படி நின்றால், ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் ரயரின் நடுவுக்கும் உள்ள தூரம் இரு பக்கங்களிலும் வேறுபடும். பிறேக் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே விசை கிடைத்தாலும், தூரம் கூடிய பக்கம் நெம்புகோலைப்போல ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுக்கும். மினி முன்சில்லு இயக்கக் கார் என்பதால் அக்ஸிலரேற்றரை மிதிக்கும்போதும் இந்த வேறுபாடு கையில் தெரியும். நண்பர் மூன்று வருடம் ஓடினார் என்றால் இரண்டு வார்ப்புகளுக்கும் ஆஃப்செட் ஒன்றாக இருந்திருக்கும், அல்லது அவருக்கு அந்த இழுவை பழகிப்போயிருக்கும்.

ஆகவே ஓர் அச்சில் இரண்டும் ஒரே வார்ப்பாக இருக்கட்டும். முன்பின்னாக வேறுபடுவதில் தவறில்லை, ஆனால் அளந்த பிறகுதான் அதையும் முடிவு செய்ய வேண்டும். ரயரைக் கழற்றிவிட்டுச் சில்லைக் குப்புறப் போட்டு, உள்விளிம்பின் மேல் நேரான சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஹப்பில் பதியும் முகம் வரையுள்ள ஆழத்தை அளவுங்கள். விளிம்புக்கு விளிம்பு மொத்த அகலத்தில் பாதியை அந்த ஆழத்திலிருந்து கழித்தால் வருவதே ஆஃப்செட். 5 அங்குலச் சில்லு என்றால் 5 அங்குலத்தில் பாதியைக் கழிப்பவர்கள் பலர் உண்டு. அந்த 5 அங்குலம் ரயர் உட்காரும் இடத்தின் அகலம், விளிம்புகளின் தடிப்பு அதில் சேராது.

இன்னொன்று, அவை அலுமினியமா மக்னீசியமா என்று பாருங்கள். மினிலைட்டின் ஆரம்பகாலச் சில்லுகள் மக்னீசியத்தில் வார்க்கப்பட்டவை. அவற்றைப் பார்த்து வார்த்தவர்களில் பெரும்பாலோர் அலுமினியத்தைத்தான் பயன்படுத்தினார்கள். பின்புறத்தில் ஓரிடத்தைச் சுரண்டி ஒரு துளி வினாகிரி விடுங்கள். உடனே நுரைத்தால் மக்னீசியம். கடற்காற்று வீசும் ஊரில் நாற்பது வருடம் கிடந்த மக்னீசியத்தை நான் சுவரில்தான் மாட்டுவேன்.

நல்லூர் மினி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நேற்று மாலை முழுவதும் இதே வேலையாக இருந்தேன். எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளில் ஒன்றின் வெளி ஓரத்திலிருந்து மற்றதன் உள் ஓரம் வரை அளந்தால் பிசிடி நேராகக் கிடைத்துவிடுகிறது: இரண்டு வார்ப்புகளிலும் 101.5க்கும் 101.7க்கும் இடையில் வந்தது. மொத்த அகலம் இரண்டுக்கும் 151 மி.மீ. உள் ஆழம் என்னுடையவற்றில் 89, வந்தவற்றில் 82. அப்படியானால் ஆஃப்செட் முறையே 13.5 மி.மீ., 6.5 மி.மீ. என்று கணக்கு வருகிறது. வினாகிரி எதிலும் நுரைக்கவில்லை. சமையலறைத் தராசில் வைத்தபோது, வந்தவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைக் கிலோ கூடுதலாக இருந்தன.

கொவென்றி கிழவன் எழுதியது:

நல்ல அளவுகள். வந்தவற்றைப் பின்னால் பூட்டுங்கள். பக்கத்துக்கு 7 மி.மீ. என்றால் பின் தடம், அதாவது இரண்டு பின்சில்லுகளின் நடுவுகளுக்கு இடையிலான தூரம், 14 மி.மீ. அகலும். மினியின் பின் தடம் முன் தடத்தைவிட ஓர் அங்குலத்துக்கும் மேல் குறுகியது என்பதால், அகன்ற பிறகும் அது முன்னதை மிஞ்சாது. ஆனால் யாராவது எப்போதாவது ஸ்பேசரோடு, அதாவது சில்லை வெளியே தள்ளும் இடைத்தட்டோடு, சேர்த்து வார்த்த பின் பிறேக் டிரம்மை மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். மினியின் வேகமான வகையான கூப்பர் எஸ் காருக்கு அப்படித்தான் வந்தது. அது இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

மூன்றாவது பழைய சில்லு உதிரியாக இருக்கட்டும். முன்னால் ரயர் பஞ்சரானால் அதுவே சரியான ஜோடி. பின்னால் என்றால் வீடு போய்ச் சேரும்வரை 7 மி.மீ. வேறுபாடு பெரிய குற்றமில்லை. ஐந்துக்கும் ஒரே அளவு, ஒரே வகை ரயர் போடுங்கள். 165/70-10 ரயரின் வெளிவிட்டம் 485 மி.மீ., பழைய 145/80-10இன் விட்டம் 486. காகிதத்தில் ஒன்றுதான், ஆனால் தேய்ந்ததையும் புதியதையும் முன்னச்சில் ஜோடி சேர்த்தால், இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மினியில் அது எஞ்சின் ஒயிலிலேயே குளிக்கிறது. அங்கே தேய்கிற இரும்புத்தூள் எங்கே போகும் என்று யோசியுங்கள்.

பழவண்டி, சென்னை எழுதியது:

என்னிடம் இருப்பது மினி இல்லை, பியட் 1100. இரு வேறு வீல்களைச் சேர்த்த அனுபவத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது நட். ஒரு வார்ப்புக்குக் கூம்பு முனை நட்டும் மற்றதற்குத் துளைக்குள் இறங்கும் கழுத்துள்ள தட்டை நட்டும் தேவைப்படலாம். துளையின் வாயைப் பார்த்தாலே தெரியும். கூம்பு நட்டைத் தட்டைத் துளையில் முறுக்கினால் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். இரண்டு வகை நட் இருக்குமானால் உதிரி வீலுக்குரிய நட்டுகளையும் டிக்கியில் ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். அலாய் வீலின் அடிப்பகுதி தடிமனாக இருப்பதால் ஸ்டட் நீளமும் போதாமல் போகலாம். மினியின் ஸ்டட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஆக, நட் குறைந்தது ஒன்பது முழுச் சுற்றாவது ஏற வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது பெயின்ட். நிறம் ஒன்றானால் பாதி வேறுபாடு மறைந்துவிடும் என்பது உண்மைதான், எனவே ஐந்தையும் ஒரே நாளில் ஒரே டப்பாவிலிருந்து அடியுங்கள். பவுடர் கோட்டிங் வேண்டாம். அது ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சுடப்படுகிறது. வெப்பப் பதம் கொடுத்த பழைய அலுமினிய வார்ப்பின் பலம் அதில் குறையக்கூடும். தடித்த பூச்சு புதிய வெடிப்புகளையும் மூடிவிடும். பெயின்ட் அடிக்கும் முன் ஐந்துக்கும் சாயமிட்டு வெடிப்புச் சோதனை செய்துவிடுங்கள். ஒன்று வெடித்திருக்கிறது என்றால் மற்றவையும் அதே வயதுதான்.

பஞ்சிகாவத்தை வாசி எழுதியது:

பக்கம் பிரிக்கும் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நண்பரிடம் கேட்டேன், கார் எப்போதும் வலப்பக்கம் இழுத்ததாகவும், அது ரோட்டின் சரிவு என்று நினைத்ததாகவும் சொல்கிறார். இந்த ஊரில் ரோடு சரிவது இடப்பக்கம்.

நல்லூர் மினி எழுதியது:

முடிவைச் சொல்லிவிடுகிறேன். சாயச் சோதனையில் மற்ற மூன்று பழையவையும் தேறின. வந்தவற்றிலும் குறை இல்லை. டிரம் சாதாரணமானது, ஸ்பேசர் கிடையாது. இரண்டு வார்ப்புக்கும் கூம்பு நட்தான், பின்னால் பத்தரைச் சுற்று ஏறியது. வெடித்ததை அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

பூட்டிய பிறகு, ரயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கப் பின் மட்காட்டின் உள்விளிம்பில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, பின் ஆசனத்தில் இரண்டு மூடை அரிசியை ஏற்றி, கோப்பாய் வரை போய்வந்தேன். வலப்பக்கச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. இடப்பக்க ரயரின் தோளில் மட்டும் நகக்கீறல்போல ஒரு கோடு. விரலை விட்டுத் தடவியபோதுதான் காரணம் தெரிந்தது: மட்காட்டை அகலப்படுத்த அதன் மேல் பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் விளிம்பைப் பிடிக்கும் ஸ்குருக்களில் ஒன்று மற்றவற்றைவிட நீளம், முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் குட்டையான ரிவெட் அடித்து, அதே அரிசியோடு இன்னொரு முறை ஓடினேன். இம்முறை கோடு இல்லை.