லாஸ் வேகஸ்: உடன்பிறந்தவர்கள் நாலு பேர், நாலு இரவு, எந்த ஹோட்டல்? (இணையக் கேள்வி-பதில், எழுதுபவர்கள் புனைபெயரில்)

பெரியக்கா எழுதியது:

வணக்கம். நாங்கள் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். நான் மூத்தவள், வயது 54. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள், கடைசியில் தங்கை. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் படுத்துத் தூங்கி ஒன்பது வருடம் ஆகிறது, அதுவும் அம்மாவின் காரியத்துக்காகக் கூடியது. இந்த முறை வீட்டுக்காரர், பிள்ளைகள் யாரும் வேண்டாம், நாம் நாலு பேர் மட்டும் எங்கேயாவது போகலாம் என்று தங்கைதான் பேச்சை ஆரம்பித்தாள். நாலு ஊரிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து லாஸ் வேகஸில் வந்து நின்றோம். அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிறு போய் வியாழன் திரும்புகிறோம்.

ஹோட்டல் பார்க்கும் வேலை என்னுடையது. இரண்டு வாரமாகத் தேடுகிறேன், தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. பழைய கட்டுரை ஒன்றைப் படித்து மிராஜ் நன்றாயிருக்கும் என்று குறித்து வைத்தேன், அப்புறம் பார்த்தால் அதை மூடியே விட்டார்களாம். பெரிய தம்பி பெலாஜியோ ஹோட்டலின் நீரூற்று தெரிகிற ரூம் வேண்டும் என்கிறான். சின்னவன் எதுவானாலும் சரி என்கிறான். எனக்கு வெனிஷியன் மேல் ஒரு கண், ரூம் பெரிது என்பதால்.

எங்கள் நிலவரம்: தங்கைக்கு வீசிங் உண்டு, சிகரெட் புகை பட்டால் அன்று இரவு முழுக்க உட்கார்ந்தேதான் இருப்பாள். எனக்கு வலது முழங்கால் சரியில்லை. ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு எல்லாம் சேர்த்து 250 டாலருக்குள் முடிந்தால் நல்லது. இரண்டு ரூம் எடுப்பதா, பெரிதாக ஒரே சூட் எடுப்பதா? பெரிதாகச் சுற்றிப் பார்க்கும் ஆசை இல்லை. ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்குத்தான் போகிறோம்.

நாலாவது தடவை எழுதியது:

முதலில் பழைய கட்டுரைகளை ஓரமாக வையுங்கள். டிராபிகானா ஹோட்டலை 2024 ஏப்ரலில் மூடி அக்டோபரில் வெடிவைத்து இடித்துவிட்டார்கள், மிராஜ் அதே வருட ஜூலையில் மூடியது. பழைய பட்டியல்களில் இரண்டும் இன்னும் இருக்கும்.

அடுத்தது விலை. அங்கே பெரும்பாலான ஹோட்டல்களில் ரூம் வாடகைக்கு மேலே ரிசார்ட் ஃபீ என்று ஓர் இரவுக்கு 40, 50 டாலர் தனி. 2025 மே மாதத்திலிருந்து அதையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்திருக்கிறது, ஆனால் வரியைக் கடைசியில் சேர்க்கலாம், அது 13 சதவீதத்துக்கு மேல். ஆகவே பணம் கட்டும் பக்கம் வரை போய், கடைசித் தொகையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஞாயிறு முதல் வியாழன் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு, அதே ரூம் வெள்ளி, சனியில் வெகுவாக ஏறும். செக்-இன் செய்யும்போது கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அதற்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், திரும்பி வர நாளாகும்.

இதையெல்லாம் விட முக்கியம் உங்கள் முழங்கால். எங்கள் அண்ணன், அக்கா, நான் மூன்று பேர் போனபோது பெரிய ஹோட்டல் ஒன்றில் தங்கினோம், பெயர் வேண்டாம். ரூம் கதவைச் சாத்திவிட்டு தெருவுக்கு வந்து சேர 15 நிமிடம். நீளமான வராந்தா, லிஃப்ட், அப்புறம் கேசினோ, அதைச் சுற்றிக்கொண்டு கடைகள், அப்புறம்தான் வாசல். நடுவில் அக்காவுக்குக் கால் வலித்து உட்கார இடம் தேடினோம், ஒரு பெஞ்சுகூட இல்லை. அந்தப் பெரிய தளத்தில் நாற்காலி இருந்த ஒரே இடம் காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷின்களின் முன்னால்தான். அக்கா அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், முகத்துக்கு நேரே விளக்குகள் சுழல்கின்றன, பக்கத்து இருக்கையில் ஒருவர் புகை விட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மறுநாளிலிருந்து அக்கா ரூமை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஸ்ட்ரிப்பில், அதாவது பெரிய ஹோட்டல்கள் வரிசையாக இருக்கிற நீளச் சாலையில், பார்க்கும் தூரமும் ஏமாற்றும். எதிரில் தெரிகிற ஹோட்டல் எதிரில்தான் இருக்கிறது என்று கிளம்புவோம், கட்டடம் அவ்வளவு பெரிது என்பதால்தான் பக்கத்தில் தெரிகிறது. சாலையைக் கடக்கப் பல இடங்களில் மேம்பாலம் ஏற வேண்டும், எஸ்கலேட்டர் ஓடாத நாளும் உண்டு. மோனோரயில் கிழக்குப் பக்கமாக எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலிலிருந்து சஹாரா ஹோட்டல் வரை ஏழு நிலையங்கள் போகிறது, ஆனால் நிலையங்கள் ஹோட்டல்களின் பின்புறம். விமான நிலையத்துக்கும் அது போகாது. டாக்ஸிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து ஸ்ட்ரிப் ஹோட்டல்களுக்கு டாக்ஸி கட்டணம் பகுதிவாரியாக நிலையாக வைத்திருக்கிறார்கள், சுற்றி ஓட்டிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம்.

ஜன்னலோரம் எழுதியது:

வெனிஷியனுக்கு என் ஓட்டு. சாதாரண ரூமே சூட் மாதிரிதான், கட்டில் ஒரு மட்டத்தில், இரண்டு மூன்று படி இறங்கினால் சோஃபாவும் மேஜையும். நாலு பேர் உட்கார்ந்து பேச அதைவிட வசதி அந்த விலையில் கிடைக்காது. நாங்கள் மூன்று சகோதரிகள் அந்த சோஃபாவிலேயே இரண்டு இரவு விடிய விடியப் பேசினோம். ஆனால் உங்கள் தங்கைக்குப் புகை ஆகாது என்றால் யோசிக்க வேண்டும்தான். ரூமில் பிரச்சினை இல்லை, கீழே இறங்கினால் கேசினோவை ஒட்டித்தான் நடக்க வேண்டியிருக்கும். அப்புறம் அந்த உள்படி உங்கள் முழங்காலுக்கு, ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கவனம்.

பழைய ஊர் எழுதியது:

ஃப்ரீமான்ட் தெருப் பக்கம் யாரும் சொல்லவில்லையே. நடக்க அதுதான் சுலபம். ஹோட்டல்கள் பெரும்பாலும் சிறியவை, கதவைத் திறந்தால் தெரு, தெருவில் வண்டி வராது, மேலே முழுக்க வீடியோ ஓடும் திரைக்கூரை. ஸ்ட்ரிப் உண்மையில் லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் வராது, ஊர் தொடங்கிய இடம் இந்தப் பக்கம். எல் கார்டெஸ் ஹோட்டல் 1941-இல் திறந்தது. அங்கேயும் சர்க்கா ஹோட்டலிலும் 21 வயது ஆகாதவர்களுக்கு இடமில்லை, உங்களுக்கு அது பொருட்டல்ல.

ஆனால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றால், கூரை தாழ்ந்த பழைய கேசினோக்களில் புகை அதிகம் தங்கும். தெருவில் பாட்டுக் கச்சேரி நள்ளிரவு தாண்டியும் போகும், தெருப் பக்கம் ரூம் கிடைத்தால் தூக்கம் கெடும். உங்கள் நாலு பேருக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு மாலை போய்ப் பாருங்கள், டியூஸ் பஸ் 24 மணி நேரமும் ஸ்ட்ரிப்பிலிருந்து ஓடுகிறது.

பெரியக்கா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அந்த ஸ்லாட் மெஷின் நாற்காலி விஷயத்தைப் படித்ததும் எனக்கு வேறொன்று உறைத்தது. முதலில் எழுதலாமா வேண்டாமா என்றிருந்தேன், எழுதிவிடுகிறேன்.

எதுவானாலும் சரி என்று சொன்ன சின்னத் தம்பி மூன்று வருடம் முன்னால் போனில் பணம் வைத்து ரம்மி ஆடி நிறைய இழந்தான். எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. பெரிய தம்பியும் நானும் சேர்ந்து கடனை அடைத்தோம், அவன் ஆட்டத்தை விட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் இதைப் பேசவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. இப்போது டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஊரையே மாற்றிவிடலாமா? மாற்றினால் உன்னால்தான் மாற்றினோம் என்று சொல்கிற மாதிரி ஆகாதா? எங்கள் வீட்டில் அவனுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

அண்ணனின் தங்கை எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வேலையே ஓடவில்லை. எங்கள் அண்ணனும் இப்படித்தான். அவருக்காக நாங்கள் நாங்களாகவே ஒன்றைத் தீர்மானித்து, அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம். கடைசியில் தெரிந்தபோது கடன்காரர் வந்து நின்ற நாளைவிட அவருக்கு அதுதான் அதிகம் வலித்தது. அதனால் முதல் வேலை, இன்றைக்கே தம்பிக்குப் போன் செய்யுங்கள். குரூப்பில் எழுதாதீர்கள், தனியாகப் பேசுங்கள். உனக்கு அந்த ஊர் பரவாயில்லையா என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் டிக்கெட் காசு போனால் போகட்டும், தம்பியைவிடவா பெரிது.

வரலாம் என்று சொன்னால், கேசினோவே இல்லாத ஹோட்டலில் தங்குங்கள். அந்த ஊரில் அப்படியும் இருக்கின்றன, பலருக்குத் தெரியாது. வடாரா ஒன்று, புகைக்கு அனுமதி இல்லை, பெலாஜியோவுக்கு நடைபாதை இருக்கிறது, பெரிய தம்பியின் நீரூற்றும் பக்கம். ஆனால் பெலாஜியோவுக்குள் போனதும் கேசினோ ஓரம் கடக்க வேண்டிவரும். சிக்னேச்சர் இன்னொன்று, எம்ஜிஎம் கிராண்டுக்குப் பின்னால் மூன்று தனிக் கோபுரங்கள், அங்கேயும் கேசினோ இல்லை, புகை இல்லை. ஹார்மன் அவென்யூ பக்கம் தனி வாசல், டாக்ஸி அங்கேயே வந்து இறக்கும். சில ரூம்களுக்குப் பால்கனி உண்டு, வேகஸில் அது அபூர்வம். ஃபோர் சீசன்ஸும் உண்டு, மாண்டலே பே கட்டடத்தின் 35 முதல் 39 வரை மாடிகள், ஆனால் அது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். பார்க் எம்ஜிஎம்மில் 2020-இலிருந்து எங்கேயும் புகைக்கக் கூடாது, தங்கைக்கு ஒத்துவரும், ஆனால் கேசினோ இருக்கிறது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மற்ற ஹோட்டல்களில் காபி வாங்கப் போனாலும், சாப்பிடப் போனாலும், பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனாலும் அந்த மெஷின்களைத் தாண்டித்தான் போக வேண்டும், கட்டியதே அப்படித்தான். இரண்டு வருடம் விலகி இருந்தவரை ஒரு நாளைக்கு பத்துத் தடவை அந்தச் சத்தத்துக்குள் நடக்க வைப்பது பாவம். புகையும் அதே மாதிரி. 2006-இல் நெவாடாவில் உட்புறப் புகைக்குத் தடை கொண்டுவந்தபோது சூதாடும் தளங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே தங்கைக்கும் தம்பிக்கும் மருந்து ஒன்றுதான்.

பெரியக்கா எழுதியது:

பேசிவிட்டேன். நான் கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னான், "அக்கா, நானே கேட்கலாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் ஆசையாக இருந்தீர்கள், வாய் வரவில்லை." வரத் தயார், ஆனால் ராத்திரியில் தன்னைத் தனியாக விடாதே என்றான், பணத்தையும் கார்டையும் என்னிடமே கொடுத்து வைக்கிறேன் என்றான். சின்ன வயதில் திருவிழாவுக்குப் போகும்போது சில்லறையை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் ராட்டினம் ஏறுவான், அதேபோல. மற்ற இரண்டு பேரிடமும் அவனே சொல்லிவிட்டான். பெரியவன் உடனே நீரூற்று ரூம் வேண்டாம் என்றான், தங்கை அழுதுவிட்டாள்.

அதனால் சிக்னேச்சர் என்று முடிவு. வடாரா எங்கள் தேதிக்கு விலை கூடுதல் காட்டியது. பால்கனியும் எனக்கு வேண்டும், நாலு நாற்காலி போட முடியாவிட்டாலும் மாற்றி மாற்றி நிற்கலாம். இப்போது இரண்டு சந்தேகம். நடுவில் கதவு இருக்கிற மாதிரி இரண்டு ரூம் கேட்க முடியுமா? அதே கட்டடத்து ரூமை வேறொரு இணையதளத்தில் ரிசார்ட் ஃபீ இல்லாமல் மலிவாகப் போட்டிருக்கிறார்களே, அது நம்பலாமா? அப்புறம் பகலில் இவனை எங்கே கூட்டிப்போவது?

நாலாவது தடவை எழுதியது:

மனசுக்கு நிறைவாக இருக்கிறது அக்கா.

மலிவு விலை விஷயம்: அந்த ரூம்கள் தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தம், அதனால் சிலர் ஹோட்டல் வழியாக இல்லாமல் நேராகவும் வாடகைக்கு விடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் நடுக்கதவு உள்ள இரண்டு ரூம் சேர்ந்து கிடைப்பதும், ஏதாவது கோளாறு என்றால் உடனே மாற்றித் தருவதும் ஹோட்டலில் நேராக எடுத்தால்தான் எளிது. உங்களுக்கு அதுதான் சரி. புக் செய்யும்போது கனெக்டிங் ரூம் என்று கேளுங்கள், அட்ஜாயினிங் என்று சொன்னால் பக்கத்துப் பக்கத்து ரூம் மட்டும் கொடுத்துவிடுவார்கள், நடுவில் கதவு இருக்காது. ஆன்லைனில் குறிப்பு எழுதுவதோடு விடாமல், போவதற்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்து ஒரு தடவை, அன்று காலை ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். இரண்டு பதிவு எண்ணையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

பகலுக்கு ரெட் ராக் கேன்யன், ஸ்ட்ரிப்பிலிருந்து சுமார் 17 மைல். 13 மைல் சுற்றுச்சாலை, காரில் உட்கார்ந்தே பார்க்கலாம், நிறுத்துமிடங்களில் இறங்கினால் போதும், முழங்காலுக்குத் தொந்தரவில்லை. அக்டோபரிலிருந்து மே வரை பகலில் நுழைய நேரம் முன்பதிவு செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள். இன்னொரு நாள் ஹூவர் அணை. நீரூற்றைப் பார்க்கப் பெலாஜியோவுக்குள் போகவே வேண்டாம், எதிரே நடைபாதையில் நின்றால் தெரியும், இரவில் கால் மணிக்கு ஒரு தடவை ஆடும், இலவசம்.

கோபுரம் கேட்டால் முதல் கோபுரம் என்று கேட்காதீர்கள். எம்ஜிஎம் கிராண்டுக்குப் போகும் நடைபாதைக்கு அதுதான் மிகக் கிட்டம், அதனால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். நீங்கள் மூன்றாவதைக் கேளுங்கள். டாக்ஸி வாசலுக்கே வரும், கேசினோ தள்ளியே இருக்கும்.