கணிப்புச் சந்தை டூல்களுக்கு விளக்கம் எழுதிய அனுபவம்

ஏஐ ஏஜென்ட்டுகள் (தாமாகவே டூல்களை இயக்கி வேலை முடிக்கும் ஏஐ நிரல்கள்) கணிப்புச் சந்தைகளிலிருந்து தரவு எடுக்க உதவும் டூல்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது சில காலமாக என் வேலை. கணிப்புச் சந்தை என்றால், ஒரு நிகழ்வு நடக்குமா என்பதன் மேல் 'ஆம்', 'இல்லை' பங்குகளை வாங்கி விற்கும் இடம்; 'ஆம்' பங்கின் விலையே அது நடக்கும் வாய்ப்பைக் காட்டும். ஏஜென்ட்டுகளை வெளி டூல்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட பிறகு இந்த வகை வேலை நிறைய வர ஆரம்பித்தது. எம்சிபி சர்வர் தன்னிடம் உள்ள டூல்களின் பட்டியலைக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா இருக்கும். பெரும்பாலும் ஏஜென்ட்டின் கண்ணில் படுவது அவ்வளவுதான். தனியாக எழுதி வைத்த பெரிய வழிகாட்டியை அது தானாகத் தேடிப் போய்ப் படிக்காது. அதனால், அந்தச் சில வரிகளில் நாம் எழுதாத எதுவும் அதற்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் அலகு. பாலிமார்க்கெட், கால்ஷி, மானிஃபோல்ட் மூன்றும் கணிப்புச் சந்தைத் தளங்கள். பாலிமார்க்கெட்டில் 'ஆம்' பங்கின் விலை 0.62 டாலர் என்பதுபோல வரும். கால்ஷியின் தரவில் நெடுங்காலம் சென்ட் கணக்கில் 62 என்றுதான் வந்தது. மானிஃபோல்டில் புழங்குவது மனா என்ற விளையாட்டுப் பணம். அங்கே நிகழ்தகவு 0 முதல் 1 வரை. மூன்றையும் ஒரே டூலில் அடைத்து 'சந்தை விலையைத் தரும்' என்று ஒரு வரி மட்டும் எழுதினால் என்ன ஆகும்? ஒரு குழுவின் ஏஜென்ட் தயாரித்த அறிக்கையைப் பார்த்தேன். நடக்க வாய்ப்பே இல்லாத ஒரு நிகழ்வை 'கிட்டத்தட்ட உறுதி' என்று எழுதியிருந்தது. அதற்குக் கிடைத்த எண் 1. அது ஒரு சென்ட், அதாவது நூற்றில் ஒன்று. அது முழு நிகழ்தகவு என்று எடுத்துக்கொண்டது. மாடலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலகை யாரும் அதனிடம் சொல்லவில்லையே.

ஆர்டர் புக், அதாவது எந்த விலைக்கு வாங்கவோ விற்கவோ ஆள் தயார் என்ற பட்டியல், இன்னும் சிக்கல். கால்ஷியின் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வழி) 'ஆம்' பக்கமும் 'இல்லை' பக்கமும் வாங்கக் கேட்பவர்களின் விலைகளை மட்டும் தருகிறது. விற்பவர்களின் விலை தனியாக வராது. 35 சென்ட்டுக்கு 'இல்லை' வாங்க ஒருவர் தயார் என்றால், 65 சென்ட்டுக்கு 'ஆம்' விற்க அவர் தயார் என்றுதான் பொருள்; இரண்டும் சேர்ந்தால் 100. இந்த ஏற்பாட்டில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் இரண்டு பட்டியலைப் பார்த்ததும், இரண்டாவது பட்டியல் விற்பனை விலை என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும். 60-க்கு வாங்க ஆள் இருக்கும்போது 35-க்கு விற்க ஆள் இருப்பதாகக் கணக்குப் போட்டு, இல்லாத லாபத்தை நமக்குக் காட்டும். விளக்கத்தில் 'விற்பனை விலை வேண்டுமென்றால் எதிர்ப்பக்க விலையை 100-லிருந்து கழிக்கவும்' என்று எண்களோடு ஓர் உதாரணம் சேர்த்தேன். அப்புறம் அந்தக் குழப்பம் வரவில்லை.

'இப்போதைய விலை' என்பதும் எளிதான விஷயம் இல்லை. பாலிமார்க்கெட் திரையில் காட்டும் எண் பொதுவாக வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளி. அந்த இடைவெளி 10 சென்ட்டைத் தாண்டினால் கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. யாரும் எட்டிப் பார்க்காத சந்தையில் அந்தக் கடைசி வியாபாரம் எப்போதோ நடந்ததாக இருக்கலாம். ஆகவே டூல் தரும் விலையோடு அது எந்த வகை விலை, எந்த நேரத்தது, இடைவெளி எவ்வளவு என்பதும் சேர்ந்து வர வேண்டும் என்று இப்போது பிடிவாதமாகக் கேட்கிறேன். பாலிமார்க்கெட்டில் ஒவ்வொரு சந்தையின் 'ஆம்', 'இல்லை' பக்கங்களை அடையாளம் காட்டும் டோக்கன் எண்கள் மிக நீளமானவை என்பதால் அவற்றை எண்ணாக மாற்றாமல் எழுத்துச் சரமாகவே வைக்கச் சொல்லி ஒரு வரியும் சேர்ப்பேன்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விட முக்கியம் தீர்ப்பு விதி, அதாவது சந்தை 'ஆம்' என்று முடியுமா 'இல்லை' என்று முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் வாசகம். 2025-இல் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி ஜூலைக்கு முன் சூட் அணிவாரா என்று பாலிமார்க்கெட்டில் ஒரு சந்தை ஓடியது. ஜூன் மாதம் ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டுக்கு அவர் கறுப்பு மேலங்கியில் வந்தார். பல செய்தி நிறுவனங்கள் அதை சூட் என்றே எழுதின. தகராறு, பாலிமார்க்கெட்டின் சர்ச்சைகளைத் தீர்க்கும் யூஎம்ஏ அமைப்பின் கிரிப்டோ டோக்கனை வைத்திருப்பவர்களின் வாக்கெடுப்புக்குப் போய், கடைசியில் 'இல்லை' என்று முடிந்தது. தலைப்பையும் விலையையும் மட்டும் கொடுக்கும் டூலை நம்பி ஓர் ஏஜென்ட் அந்த நேரத்தில் பதில் சொல்லியிருந்தால், அவர் சூட் போட்டாரா என்ற கேள்விக்கே பதில் சொல்வதாக நினைத்திருக்கும். அந்த விலை சொன்னதோ வேறு: விதியின் வாசகத்தை வாக்களிப்பவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பதை. இரண்டும் ஒன்றல்ல. விதியின் முழு வாசகமும், சர்ச்சை நிலுவையில் இருக்கிறதா என்ற தகவலும் இல்லாமல் நிகழ்தகவை மட்டும் தரும் டூலை வெளியிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைசியில் அந்த எண்ணைப் படித்து நம்பப்போவது ஒரு மனிதர்.

மானிஃபோல்டில் கேள்வியை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். 'முந்தைய கட்டளைகளை மறந்துவிடு' என்று யாராவது கேள்வி விவரத்தில் எழுதி வைத்தால் அதுவும் தரவாகவே ஏஜென்ட்டிடம் வந்து சேரும். அந்தப் பகுதி வெளியார் எழுதியது, கட்டளையாக எடுக்கக் கூடாது என்று குறிப்பில் சொல்கிறேன். அது மட்டும் போதாது, சர்வர் பக்கமும் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, படிக்கும் டூலையும் பணம் போடும் டூலையும் ஒரே சர்வரில் கலக்காதீர்கள். எம்சிபியில் படிக்க மட்டும் என்று அடையாளமிட வசதி உண்டு, ஆனால் அது வெறும் குறிப்புதான், பூட்டு இல்லை. இந்தியாவில் 2025-இல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்திருக்கிறது. இங்கிருந்து தரவை ஆய்வு செய்பவர்களுக்கு ஆர்டர் போடும் டூல் தேவையே இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது நீளம். எல்லாவற்றையும் எழுதினால் ஒவ்வொரு டூலின் விளக்கமும் டோக்கனை (இங்கே, மாடல் படிக்கும் சொல் துண்டுகள்) நிறையத் தின்கிறது. டூல்கள் கூடும்போது ஏஜென்ட் தவறான டூலைத் தேர்ந்தெடுக்கவும் செய்கிறது. இப்போதைக்கு அலகையும் விலை வகையையும் விளக்கத்தில் வைத்துவிட்டு, தீர்ப்பு விதியை ஒவ்வொரு பதிலோடும் அனுப்புகிறேன். நீங்கள் எதை எங்கே வைக்கிறீர்கள், அதற்கு ஏஜென்ட் எப்படி நடந்துகொண்டது என்று சொல்லுங்கள்.