லூபஸ் உள்ள எல்லோருக்கும் கால் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டுமா?

கண்மணி82:
எனக்கு 14 வருடமாக லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். வயது 43. போன வருடம் முழுக்க, பஸ் நிறுத்தம் வரை நடந்தாலே வலது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் அதே தூரத்தில் அதே வலி. போன இடத்திலெல்லாம் "மூட்டு வலிதாம்மா, லூபஸில் வரும்" என்றார்கள். கடைசியில் ஒருவர் கணுக்காலில் பி.பி. பட்டையைக் கட்டிப் பார்த்தார். கை அழுத்தத்தில் 0.75 பங்குதான் காலில் இருந்தது. 0.90, அதற்குக் கீழே என்றாலே தமனியில் அடைப்பாம். கால்மணி நேர வேலை. லூபஸ் உள்ள எல்லோருக்கும் வருடம் ஒருமுறை பார்த்தால் என்ன?

வைகைக்கரை:
நான் பொது மருத்துவன். உங்களுக்கு நடந்தது தவறுதான். ஆனால் நீங்கள் சொன்ன வலி பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும். வலியே இல்லாதவர்களுக்கும் பார்ப்பது வேறு கதை. ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 29,000 பேருக்கு இப்படிக் கணுக்கால் அளவு எடுத்து, குறைவாக இருந்த 3,350 பேரில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசமே இல்லை. கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்?

மறுத்துப்பேசு:
டாக்டர், அவர்கள் 50 வயது தாண்டிய பொதுமக்கள். லூபஸ் கணக்கே வேறு. 1997இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆய்வில், 35 முதல் 44 வயது லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு அதே வயதுப் பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல். வயதையும் கொலஸ்ட்ராலையும் வைத்து நீங்கள் "பயமில்லை" என்று அனுப்பும் பெண்தான் அவள். இன்னொன்று, மூட்டு வலியால் அவள் நடப்பதே இல்லை. நடக்காதவளுக்குக் கெண்டைக்கால் எப்படிப் பிடிக்கும்?

வைகைக்கரை:
கடைசியாகச் சொன்னது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லூபஸ் உள்ளவர்களிடமே செய்த ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 200 பேருக்கு இரண்டு வருடம் கொலஸ்ட்ரால் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். இதயத் தமனியில் படியும் சுண்ணாம்பு வளர்வது குறையவில்லை. பி.பி.யைக் கட்டுக்குள் வைப்பது, சிகரெட்டை விடுவது, ஸ்டீராய்டை முடிந்தவரை குறைப்பது, லூபஸ் மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுவினை விடாமல் சாப்பிடுவது எல்லாம் அந்தக் கணுக்கால் எண் எதுவானாலும் செய்ய வேண்டியவை.

டாப்ளர்மேசை:
நான் இந்த அளவை எடுக்கிறவன். கண்மணி அக்கா, உங்கள் இரண்டு கை அளவையும் போடுங்கள்.

கண்மணி82:
வலது 120, இடது 98, கணுக்கால் 90. இதற்கு மூன்று மாதம் முன்பு வேறொரு இடத்தில் எடுத்தபோது 0.92, "பார்டர்தான், விடுங்க" என்றார்கள். இடது கையில் மட்டும் பார்த்தார்கள்.

டாப்ளர்மேசை:
நினைத்தேன். 90ஐ 98ஆல் வகுத்தால் 0.92, 120ஆல் வகுத்தால் 0.75. எப்போதும் அதிகமாக இருக்கும் கையைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு கைக்கும் 22 வித்தியாசம் என்றால் இடது கைத் தமனியையும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் சுருங்கியிருக்கலாம். பொதுவாகவே, படுக்க வைத்து ஐந்து, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்த பிறகு, பாதத்தின் மேலே ஓரிடம், உள் கணுக்காலுக்குப் பின்னால் ஓரிடம் என இரண்டிலும் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி) வைத்து, பட்டையை இறுக்கித் தளர்த்தும்போது "உஷ்... உஷ்" சத்தம் திரும்பும் அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். கிட்னி கெட்டவர்களுக்குத் தமனி கல்லாகி 1.40க்கு மேல் காட்டும். அதை நார்மல் என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கால் பெருவிரலில் எடுக்க வேண்டும்.

வைகைக்கரை:
நான் சொல்வதும் இதுதானே! அவசரக் கையில் எல்லோருக்கும் வருடாவருடம் எடுத்தால், இப்படிப் பொய்யான 0.92தான் குவியும்.

மறுத்துப்பேசு:
அதற்குச் சரியாக எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் சார். எடுக்காமல் விடுவதா வைத்தியம்?

கண்மணி82:
என் சித்தி மகளுக்கும் லூபஸ். ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடியும் பாசிட்டிவ். ஸ்டீராய்டில் இடுப்பு எலும்பு போய், வீட்டுக்குள்ளேயே கம்பு ஊன்றி நடக்கிறாள். அவளிடம் எந்த வலியைக் கேட்பீர்கள் டாக்டர்?

வைகைக்கரை:
அவருக்குக் கட்டாயம் பாருங்கள்மா, தள்ளிப்போட வேண்டாம். "எல்லோருக்கும்" என்பதற்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை.

டாப்ளர்மேசை:
கூட்டி வரும்போது சாக்ஸ் போட்டு வரச் சொல்லுங்கள் அக்கா. குளிரில் விரல் வெளுக்கிறவர்களுக்கு ஏசி அறையில் பெருவிரல் அளவு நம்பும்படி வராது. நாங்கள் முதலில் ஏசியை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம்.