நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் மட்டும் போதுமா?

கேள்வி: ஈரோட்டுவாசி

என் தந்தைக்கு வயது 61. சர்க்கரை நோயின் எல்லையில் இருக்கிறார் என்று அண்மையில் மருத்துவர் கூறியதிலிருந்து, வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும், ஆவின் பச்சைப் பாக்கெட்டுக்குப் பதிலாக நீலப் பாக்கெட்டும் வாங்குகிறோம். ஆனால் அவர் நாள்தோறும் குடிக்கும் நான்கு தம்ளர் காபியும், தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்ற கணக்கும் அப்படியே இருக்கின்றன. "நாட்டுச் சர்க்கரைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறார். இதனால் உண்மையில் பயன் உண்டா? பாலிலேயே சர்க்கரை இருக்கிறது என்கிறார்களே, பாலையும் குறைக்க வேண்டுமா? நாட்டுச் சர்க்கரை போட்டால் சில வேளை பால் திரிந்துபோவது ஏன் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சத்துக்கணக்கு

நாட்டுச் சர்க்கரையும் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுப்பதே. அதில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு சர்க்கரைதான். இரும்பும் பிற தாதுக்களும் சிறிது இருப்பது உண்மையாயினும், காபிக்குப் போடும் அளவில் அவற்றால் பெரிய பயன் இல்லை. தலை தட்டிய தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும், எட்டுக் கரண்டிக்கு 32 கிராம் ஆகிறது. நம் வீடுகளில் தலை தட்டி யார் போடுகிறார்கள்? 2,000 கலோரி உண்பவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். பிஸ்கட், இனிப்பு, இரவில் குடிக்கும் மால்ட் பானம் ஆகியவையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

பாலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் இயற்கையாகவே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கண்ட வரம்பில் அது சேராது. ஆனாலும் மாவுச்சத்து என்ற வகையில் சர்க்கரை நோயாளி அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து வருவதால், அது இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதில்லை. பாக்கெட் நிறத்தை மாற்றியதால் கொழுப்பு 4.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்திருக்கிறதே தவிர, பாலின் சர்க்கரை குறையவில்லை. சுண்ணாம்புச் சத்துக்காகவும், சைவ உணவு உண்பவராயின் பி12 வைட்டமினுக்காகவும் பால் வேண்டியதுதான். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட மாதிரி உணவுத் தட்டில் பாலோ தயிரோ 300 மி.லி. இடம்பெற்றிருக்கிறது. ஆகவே கை வைக்க வேண்டியது கரண்டியில்தான். இரண்டை ஒன்றரையாக்கி, நாக்கு பழகிய பின் ஒன்றாக்குங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் அவர் தெருமுனைக் கடையில் போய்க் குடித்துவிட்டு வருவார்.

பதில்: பாய்லர்க்காரன்

தேநீர்க் கடை நடத்துபவன் என்ற முறையில் பால் திரிவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் சற்றுப் புளிப்புத்தன்மை இருக்கும். சரக்கு பழையதானால் அது கூடும். கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் திரிந்துவிடும் என்பதால், நாங்கள் அதை முதலில் டிகாக்‌ஷனில் கரைத்துவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய பாலைக் கடைசியில் சேர்ப்போம். கடையில் குடிக்கும்போது "சர்க்கரை கம்மி" என்று சொன்னால் போதாது, ஐயா; மாஸ்டரின் கைப்பழக்கத்தில் கம்மியும் ஒரு கரண்டியாகிவிடும். "சர்க்கரை போடாமல் தனியாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டுவாசி

இருவருக்கும் நன்றி. மாலைக் காபிக்குப் பிறகு வயிறு உப்புசமாக இருக்கிறது என்றும் அப்பா சொல்வதுண்டு. அதற்கும் பால்தான் காரணமா?

பதில்: சத்துக்கணக்கு

இருக்கலாம். லாக்டோஸைச் செரிக்கும் நொதி வயது வந்த பலருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியரிடம் இது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. மாலைக் காபியைச் சில நாள் சர்க்கரையில்லாத கடுங்காபியாக்கி, அந்தப் பாலுக்கு ஈடாக மதிய உணவில் தயிரோ மோரோ சேர்த்துப் பாருங்கள். உறை ஊற்றும்போது லாக்டோஸின் ஒரு பகுதி நுண்ணுயிர்களால் புளிப்பாக மாறிவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. அப்படியும் உப்புசம் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.