புதுப்பிப்பு: மகனின் ‘க’ உச்சரிப்புக்கு எந்தப் பயிற்சி?

ஐந்து வயது மகன் ‘க’ வரும் இடமெல்லாம் ‘த’ என்கிறான், என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஊதல், நாக்குப் பயிற்சி என்று பலர் அக்கறையோடு சொன்னீர்கள். இங்கே மொரிஷியஸில், ரோஸ்ஹில் நகரில் நாங்கள் பார்த்த பேச்சுச் சிகிச்சையாளர் அவை வேண்டாம் என்றார். பேச்சொலி இல்லாத வாய்ப்பயிற்சியால் உச்சரிப்பு திருந்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லையாம்.

தமிழ், இங்கே பேசும் கிரியோல் மொழி இரண்டிலும் சோதித்தார். இரண்டிலும், எப்போதும் அதே மாற்றம். அதனால் ஓர் ஒலி மட்டும் வேறுபடும் சொல்லிணைகளை வைத்துப் பழக்குகிறார். ஒரே சொல்லை முறைக்கொரு விதமாகச் சொல்லும் குழந்தைக்கு வழி வேறு: அன்றாடச் சொற்கள் சிலவற்றை முதலில் ஒரே சீராகச் சொல்ல வைப்பார்கள்.

மேசையில் ‘காய்’, ‘தாய்’ என இரண்டு படங்கள். காயைக் கேட்க நினைத்து ‘தாய்’ என்றான். அவரும் தாய் படத்தையே நீட்டினார். திகைத்து விழித்தான். பிறகு அடித்தொண்டையிலிருந்து இழுத்து ‘காய்!’ என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரியோலுக்கு ‘காஸ்’, ‘தாஸ்’: பணமும் கோப்பையும்.

வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னவர்களுக்கு: இருமொழியால் இந்தக் குறை வருவதில்லை. பாட்டியோடு தமிழ்தான் பேசுகிறான். தனிச்சொல்லில் ‘க’ வருகிறது, வேகமாகப் பேசும்போது நழுவுகிறது. அடுத்து வாக்கியப் பயிற்சி.