பொருள்: ஸ்னூஸ் பொத்தானுக்குப் பொறுத்தெழுப்பு

> ஸ்னூஸ் = சிறுதுயில்

வணக்கம் தம்பி. அலாரத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுகிற ஸ்னூஸ் பொத்தானுக்குச் சிறுதுயில் என்று எழுதியிருக்கிறாய். சொல் வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. அது படுத்திருக்கிற ஆள் செய்கிற வேலைக்குப் பெயர். பொத்தானில் எழுதுவது கணினிக்கு இடும் கட்டளை. சேமி, அழி, மூடு, திற எல்லாம் ஏவலாக நிற்க, இது மட்டும் ஏன் பெயர்ச்சொல்லாகப் படுத்துக் கிடக்கவேணும்?

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே திரையில் இரண்டு நித்திரை வருவது. விண்டோஸோடு வருகிற மணிக்கூட்டுச் செயலி கணினி விழித்திருந்தால்தான் அலாரம் அடிக்கும். போன கிழமை விடிய நாலரைக்கு வைத்தேன். வழக்கம்போல மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டுப் படுத்தேன், கணினியும் உறங்கிவிட்டது. ஆறே முக்காலுக்கு அம்மாதான் எழுப்பினா. கொழும்பு பஸ் அப்போது கிளிநொச்சி தாண்டியிருக்கும்.

மூடி சாத்தியிருந்தாலும் உள்ளே தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். லினக்ஸில் ஆர்டிசிவேக் (rtcwake) என்ற கட்டளை அதைப் பிடித்துத்தான் குறித்த நேரத்துக்குக் கணினியை எழுப்புகிறது. ஆக எழும்ப வேண்டியது இரண்டு பேர்: முதலில் கணினி, பிறகு நான். இதில் அலாரத்தையும் துயிலெழுப்பி ஆக்கி, "கணினி துயின்றால் துயிலெழுப்பி ஒலிக்காது, சிறுதுயில் 10 நிமிடம்" என்று எழுதினால் ஆர் படுத்தது, ஆர் எழும்பினது?

உறங்குநிலை (ஸ்லீப்) என்ற சொல்லைக் கணினிக்கே விட்டுவிடுவம். சின்னனில் நாங்கள் சொன்னது "கொஞ்சம் செண்டு எழுப்பணை அம்மா", அதாவது கொஞ்ச நேரம் கழித்து எழுப்பு. அதில் நித்திரை என்ற சொல்லே இல்லை, நேரமும் ஏவலும்தான். செண்டெழுப்பு என்றால் தமிழ்நாட்டு நண்பர்கள் பூச்செண்டைத் தேடுவார்கள். ஆகவே பொறுத்தெழுப்பு.

துயிலெழுப்பியும் வேண்டாம். மத்தியானக் குளிசைக்கு வைக்கிற அலாரம் ஆரைத் துயிலெழுப்புகிறது? அலாரம் அலாரமாகவே இருக்கட்டும். மணிக்கூடு பிழையா என்று கேட்டவருக்கு: 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த நினைவாக யாழ்ப்பாணத்தில் எழுப்பினதும் மணிக்கூட்டுக் கோபுரம்தான். எங்களுக்குப் பழகின சொல்.

----

> ஆகவே பொறுத்தெழுப்பு.

அண்ணை, ஏவல் நியாயம் சரி. ஆனால் பொத்தானில போட்டுப் பார்த்தன். அலாரம் அடிக்கேக்க வாற பெட்டியில "நிறுத்து" முழுசா நிக்குது, பக்கத்தில "பொறுத்தெ…" எண்டு வெட்டுப்பட்டுப் போச்சு. அரை நித்திரையில ரெண்டும் ஒண்டுபோலத்தான் தெரியும், மாறி அமத்தினா அண்டைக்கும் பஸ் போச்சு. வெறும் "பிறகு" எண்டு போட்டா என்ன?

----

> வெறும் "பிறகு"

ஏவல் இல்லைத்தான், ஆனாலும் சரி. உரிச்ச வாழைப்பழம் மாதிரி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஏழு எழுத்தில் மல்லுக்கட்டியிருக்கிறேன். பொத்தானில் "பிறகு" என்றே போடு. இடம் தாராளமாக உள்ள அமைப்புப் பக்கத்தில் மட்டும் "பொறுத்தெழுப்பும் நேரம்: 10 நிமிடம்" என்று இருக்கட்டும். "நிறுத்து" இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துச் சொல்லு.