ரொடார்ட்டே சகோதரிகள் பற்றிய கட்டுரைக்கு உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் கேட், லாரா மலீவி என்னும் அக்காளும் தங்கையும் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ரொடார்ட்டே என்ற பெண்கள் உயர்தர ஆடை நிறுவனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அக்காள் கலை வரலாறும் தங்கை ஆங்கில இலக்கியமும் படித்தார்களே தவிர, ஆடை வடிவமைப்பை எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை. தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நான் திணறுவது அவர்களுடைய கைவேலையை விவரிக்கும் இடத்தில்தான். துணியைச் சாயமேற்றி, தீயில் பொசுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, சிலந்தி வலை போலப் பின்னி அவர்கள் உருவாக்கிய ஆடைகளை நான் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். படங்களிலோ தையலின் உட்புறம் தெரிவதில்லை.

வாஷிங்டனில் உள்ள பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் 2018 நவம்பரில் தொடங்கிய அவர்களுடைய கண்காட்சியை நேரில் கண்டவர்கள் இங்கே இருந்தால், அந்த ஆடைகள் அருகிலிருந்து பார்க்கையில் எப்படி இருந்தன என்று எழுத இயலுமா? மேலும், பொம்மையின் மீது துணியை நேரடியாகப் போர்த்தி ஊசி குத்தி வடிவம் அமைக்கும் முறைக்குத் தையற்கடைகளில் வழங்கும் தமிழ்ச் சொல் ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள். அகராதியில் உள்ளதைவிடத் தொழிலாளர்கள் வாயில் புழங்கும் சொல்லே எனக்கு வேண்டும்.